அரை மணி

ஸ்ட்ரெதம், லண்டன்
12.02.2006

அன்பின் வான்மதி அக்காவுக்கு,

இந்தக் கடிதம் வரும் நேரம் நீங்களும் அம்மாவும் சாப்பிட்டு, கை கழுவி, ஆறுதலாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாமாவும் மாமியும் சுகம்.

போன கிழமை டெலிபோனில், "என்னடி, எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டுகொண்டிருக்கிறாய்? வேற சொல்லு வராதோ?" என்று ஏசினீர்கள். டெலிபோன் ஹோலில் இருக்கிறது. மாமா பக்கத்திலிருந்து டிவி பார்ப்பார். நான் பேசத் தொடங்கியதும் டிவியின் சத்தத்தைக் குறைப்பார். அத்தோடு என் வாய் அடைத்துவிடும். கடிதம் எழுதும்போது யாரும் சத்தத்தைக் குறைப்பதில்லை.

இங்கே மாமாவுக்கு ஒரு ஷிப்ட், மாமிக்கு ஒரு ஷிப்ட். எனக்குச் சொல்ல வேண்டியதைத் துண்டில் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். போன திங்கட்கிழமை முழு நாளும் நான் பேசியது ஒரே ஒரு சொல், பஸ் டிரைவருக்குச் சொன்ன 'தாங்க்யூ'. அது அவருக்குக் கேட்கவில்லை.

ஒரு புதினம். சனிக்கிழமைகளில் ஒரு கடைக்கு மணி கோர்க்கப் போகிறேன். படிப்புக்கு இடைஞ்சல் இல்லையென்று அம்மாவிடம் சொல்லுங்கோ. ஒருநாள் மழைக்கு அந்தக் கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஊட்டா ஆய்தா?" என்று கேட்டா. சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறா என எப்படி விளங்கியதோ தெரியாது. "ஓம்" என்றேன். என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும் சொல் அதுதானே.

பெயர் டெச்சென். திபெத்துக்காரி, ஆனால் திபெத்தைக் கண்ணால் கண்டதில்லை. கர்நாடகத்தில் அவர்களுடைய அகதிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவ. அதனால் கன்னடம் வரும். அவவின் கன்னடமும் என் தமிழும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கதைக்கிற மாதிரி. தண்ணீர் நீரு, வீடு மனெ, கண் கண்ணு. மிச்சத்துக்கு இங்கிலீஷ். வயது முப்பத்திமூன்று. எப்போதும் சுவிங்கம் மெல்லுவா. சிவரூபினி நீளமென்று என்னை ரூபி என்கிறா. "ரூபி எண்டால் கல்லு. நல்லது, கடையிலை ஒரு கல்லுக் கூடிச்சு."

கடையில் பவளம், நீலக்கல், எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிற ஸீ மணி. கறுப்பும் கபிலமுமான நீண்ட மணியில் வெள்ளை வளையங்கள். அந்த வளையங்களைக் கண்கள் என்கிறார்கள். மனிதர் செய்யவில்லை, உழும்போது மண்ணிலிருந்து தானாக வரும் என்பது நம்பிக்கை. எங்களுக்குக் கண் பட்டால் கெடுதல். அவர்களுக்கு மணியிலுள்ள கண்தான் காவல். கழுத்தில் போடும் சின்னத் தகரப் பெட்டிகளும் உண்டு, உள்ளே மந்திரம் எழுதிய தாள். பார்த்தவுடன் சிரிப்பு வந்தது. எங்கள் அச்சரக்கூடேதான்.

கடையில் இருப்பதில் பாதிக்குமேல் கண்ணாடி மணி. "சனத்துக்குச் சொல்ல மாட்டீங்களோ?" என்று கேட்டேன். "கேட்டா உண்மை சொல்லுவன். கேக்காட்டில் சும்மா இருப்பன்" என்றா.

அம்மாவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கோ.

அன்புத் தங்கை
ரூபினி

*

கொக்குவில்
09.03.2006

அன்புத் தங்கை ரூபினிக்கு,

இங்கே அம்மா, நான், செவலை ஆடு, மூவரும் சுகம். மூவரிலும் அதிக சுகம் ஆட்டுக்கு. உன் சுகத்தை உன் கடிதத்தின் நீளத்தில் கண்டேன்.

கடிதத்தை அம்மாவுக்கு மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம், "மணி கோர்க்கிறவளுக்குப் படிக்க எங்கை நேரம்?" என்று முகத்தைச் சுளித்தா. இரண்டாம் தரம் சிரித்தா. மூன்றாம் தரத்துக்குப் பிறகு, நான் பாலர் பள்ளியால் களைத்து வந்து சைக்கிளை நிறுத்த முதலே உள்ளேயிருந்து குரல் வருகிறது: "ஊட்டா ஆய்தா?" பக்கத்து வீட்டு றோஸ்மலர் அக்கா, அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டா.

நீ குழந்தையாயிருந்தபோது உன் இடுப்பிலும் அச்சரக்கூடு கட்டியிருந்தது. அதைச் சப்பிச் சப்பியே நீ நெளித்துவிட்டாய். சாமிக்குப் பல் அடையாளம் வைத்தவள் நீ ஒருத்திதான்.

அம்மாவுக்கு இடைக்கிடை வயிற்றுக்குள் நோகிறது. வாய்வு. இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடிக்கிறா. யோசிக்க ஒன்றுமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கீழே அம்மாவின் கை.

உன் அக்கா
வான்மதி

பிள்ளை, குளிருக்குக் காதை மூடு. நல்லாப் படி. அம்மா.

*

ஸ்ட்ரெதம்
23.04.2006

அன்பின் அக்காவுக்கு,

அம்மாவுக்கு வாய்வு குறைந்ததா? நான் சுகம். காதை மூடுகிறேன்.

இதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். போன கிழமை செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான் கடைக்குப் போகவில்லை. ஏனென்று உங்களுக்கு விளங்கும். துடக்கோடு அந்தப் பெட்டிகளை எப்படித் தொடுவது? உள்ளே மந்திரம் இருக்கிறதே. ஆனால் அதை டெச்செனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லாமலே நின்றுவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவவின் அம்மா விட்டுப்போன பழைய ஸீ மணி மேசை லாச்சியில் இல்லாமல் போயிருக்கிறது. "மணியும் இல்லை, ரூபியும் இல்லை. நான் என்னத்தை நினைக்கிறது?" அடுத்த நாள் மணி அவவின் கோட்டுப் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. என்னைச் சந்தேகப்பட்ட வெட்கமும் சேர்ந்து, வெள்ளிக்கிழமை நான் போனதும் இரண்டு மடங்கு சத்தம் போட்டா. ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தா. எனக்கு அழுகைதான் வந்தது. கடைசியில் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் காரணத்தை எழுதி நீட்டினேன்.

வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் சுவிங்கம் வெளியே விழுந்துவிட்டது. "உங்கடை சாமி பொம்பிளைப் பிள்ளையளைக் கண்டதே இல்லையோ?"

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. இது மட்டுமில்லை, பிள்ளை பிறந்தாலும் துடக்கு, சொந்தத்தில் செத்தவீடு என்றாலும் துடக்கு, செத்தவீட்டுக்கு முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போகமாட்டோம், அச்சரக்கூட்டையும் கழற்றி வைப்போம் என்று விளக்கினேன். சிரிப்பு நின்றுவிட்டது. "செத்தவீட்டிலைதானே அது கட்டாயம் வேணும்?" என்று கேட்டா.

பிறகு அந்த மணியைக் கையில் தந்தா. அதன் உடம்பில் ஐந்து சின்னக் குழிகள். வீட்டில் யாருக்காவது கடும் வருத்தம் வந்தால் மணியில் ஒரு துளி சுரண்டி, அரைத்து, மருந்தோடு கொடுப்பார்களாம். ஒரு குழி டெச்செனுக்காக, கைக்குழந்தையில் காய்ச்சல் வந்தபோது சுரண்டியது. "வாங்க வாறவை குழியைக் கண்டா விலையைக் குறைப்பினம். அந்தக் குழிதான் நான்."

உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. அம்மாவின் எழுத்தைக் கண்டுவிட்டு, "இதிலை ஏன் யானை நிக்குது?" என்று கேட்டா. அம்மா பழைய முறையில் 'பிள்ளை' என்று எழுதும்போது 'ளை' துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதைத்தான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டா. குளிருக்குக் காதை மூடட்டாம் என்றேன். உடனே ஒரு வெறும் தகரப் பெட்டியை எடுத்து, அந்த வரியை வெட்டி உள்ளே வைக்கச் சொன்னா. மந்திரம் இல்லையே என்றேன். "உன்னைக் காப்பாத்தத்தானே எழுதியிருக்கு?"

இப்போது அது என் கழுத்தில் கிடக்கிறது. உலகத்திலேயே 'காதை மூடு' என்று எழுதிய அச்சரக்கூடு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அன்புடன்
ரூபினி

*

கொக்குவில்
11.06.2006

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. உன் முகம் நீண்டுவிட்டிருக்கும், சுருக்கிக்கொள். நாங்கள் சுகம். ஆடு குட்டி போட்டிருக்கிறது.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். முடிவு வர நாள் எடுக்குமாம். சாப்பாடு கொஞ்சம் குறைவு. வெயில் காலம்தானே.

உன் கடிதத்தில் ஓரிடத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. நீ வேண்டாம் என்று சொன்னதற்காக இல்லை. முதல் கடிதத்தில் உனக்குச் சனிக்கிழமை வேலை. இரண்டாவதில் செவ்வாய், புதன், வியாழன் போகவில்லை, வெள்ளி போனாய். நான் பாலர் வகுப்பில் கிழமை நாட்களைப் பாட்டாகப் படிப்பிக்கிறவள். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கிழமை தெரியும் என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மாவின் மூக்குக் கண்ணாடியின் கால் உடைந்துவிட்டது. அதனால் இந்த முறை அவவின் கை இல்லை. காதை மூடச் சொன்னா. கோடை வந்துவிட்டதே என்றேன். "லண்டனிலை அப்பிடி ஒண்டு வாறேல்லை" என்றா.

வான்மதி

*

ஸ்ட்ரெதம்
02.07.2006

அன்பின் அக்காவுக்கு,

படத்தின் முடிவு வந்துவிட்டதா? அம்மா சாப்பிடுகிறாவா? நான் நன்றாக இருக்கிறேன். கிழமை நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். பிறகு எழுதுகிறேன்.

டெச்செனிடம் அம்மாவுக்குச் சுகமில்லை என்றேன். "என்ன வருத்தம்?"

"அக்கா வாய்வு எண்டு எழுதியிருக்கிறா."

"நீ கேட்டனியோ?"

"இல்லை."

பிறகு உள்ளேயிருந்து ஒரு சீலைப் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினா. எல்லாம் உடைந்த ஸீ மணிகள். கண்ணாடி இல்லை, உண்மையான பழையவை. வாங்குகிறவர்கள் விரும்பாததால் சும்மா கிடக்கின்றன. ஸீ மணி உடைந்தால், போட்டிருந்தவருக்கு வந்த ஆபத்தைத் தான் வாங்கிக்கொண்டு உடைந்தது என்று நம்புகிறார்கள். அதில் ஒரு அரை மணியைத் தெரிந்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்தா. முழுதாக இருந்தபோது மூன்று கண். உடைந்த பக்கம் ஒரு கண்ணின் நடுவால் போகிறது. அதனால் இப்போது ஒன்றரைக் கண்.

"பாவிச்சு முடிஞ்சதை அம்மாவுக்குக் குடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

"அடி வாங்கிப் பழகினது" என்றா. "ஆனா டொக்டரிட்டையும் காட்டச் சொல்லு."

மாமியின் சிநேகிதி, இங்கே லண்டன் எட்மண்டனில் இருக்கிற பியற்றிஸ் அன்ரி, இந்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறா. அவவிடம் கொடுத்துவிடுகிறேன். சிவப்பு நூலில் கோர்த்திருக்கிறேன். அம்மாவுக்கு நீங்களே கட்டிவிடுங்கோ. நான் வந்து கட்ட வேண்டியது. என் அகதிக் கேஸ் முடியும்வரை இந்த நாட்டைவிட்டு வெளிக்கிட ஏலாது என்று லோயர் சொல்லிவிட்டார்.

கையில் கிடைத்ததும் எழுதுங்கோ. ஒரு வரி போதும்.

ரூபினி

*

எட்மண்டன்
03.10.2006

அன்பான மகள் சிவரூபினிக்கு பியற்றிஸ் அன்ரி எழுதுவது.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். நான் போன கிழமைதான் வந்து சேர்ந்தனான். காலெல்லாம் வீங்கிக் கிடக்குது. என்னத்தைச் சொல்ல, நான் கொழும்பிலை இறங்கி ரெண்டு கிழமையிலை சண்டை துவங்கி யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். ஓடித் திரிஞ்சு பாத்தன், கப்பலுக்கும் பதிஞ்சு பாத்தன். கடைசிமட்டும் யாழ்ப்பாணம் போக ஏலாமல் போச்சு. என்ரை தம்பியின்ரை முகத்தையும் பாக்கேல்லை, உன்ரை கொம்மாவையும் பாக்கேல்லை. அங்கை டெலிபோனும் வேலையில்லையாம்.

நீ தந்த மணியை இத்தோடை வைச்சிருக்கிறன். கைலேஞ்சியிலை சுத்தி என்ரை ஹாண்ட்பாக்கிலேயே வைச்சிருந்தனான், ஒரு இடமும் விடேல்லை. இது என்ன சாமான் எண்டு எயாப்போட்டிலை ரெண்டு தரம் கேட்டாங்கள். மருந்து எண்டு சொன்னன். வேறை என்ன சொல்ல?

இன்னொண்டு, கோவிக்கக்கூடாது. நீ பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருசமாம் எண்டு உன்ரை மாமி சொன்னவ. நான் போயிருந்தாலும் கொம்மாவுக்குச் சொல்லியிருக்க மாட்டன். அது உன்ரை வாயாலை வரவேணும்.

செபத்தில் நினைக்கும்
பியற்றிஸ்

*

கொக்குவில்
18.09.2006
(என் கையில் கிடைத்தது 10.11.2006)

அன்புத் தங்கை ரூபினிக்கு,

கடிதம் எப்போது உன்னிடம் வருமோ தெரியாது. வரும்போதும் நாங்கள் இப்போது போல சுகமாகவே இருப்போம் என்று வைத்துக்கொள்.

பாதை பூட்டினாலும் எங்களுக்குக் குறையில்லை. சீனிக்கும் மாவுக்கும் வரிசையில் நிற்கிறேன். வரிசையில் நின்றே ஊர்ப் புதினமெல்லாம் தெரிந்துவிடுகிறது.

முக்கியமானது: உன் மணி வந்து சேர்ந்துவிட்டது. பியற்றிஸ் அன்ரி கொண்டுவந்து தந்தா. அன்றைக்கே அம்மாவின் கழுத்தில் கட்டிவிட்டேன். அன்றிலிருந்து நோவு குறைவு. இரண்டு வாய் கூடச் சாப்பிடுகிறா.

'அரை மணி அனுப்புகிறேன்' என்று நீ எழுதியதை வாசித்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தா. நித்திரை என்று நினைத்தேன். "அரை மணித்தியாலம் அனுப்பினால் காணும் எண்டு எழுது. அவள் வந்து அரை மணித்தியாலம் பக்கத்திலை இருந்திட்டுப் போகட்டும்" என்றா. அதை எழுதாமல் விடத்தான் நினைத்தேன். எழுதிவிட்டேன்.

வான்மதி

பிள்ளை, மணி நல்ல வடிவு. நோ இல்லை. நல்லாப் படி. அம்மா.

*

ஸ்ட்ரெதம்
14.11.2006

அன்பின் அக்காவுக்கு,

அம்மா இரண்டு வாய் கூடச் சாப்பிடுகிறா என்று வாசித்தேன். நானும் அன்று இரண்டு வாய் கூடச் சாப்பிட்டேன்.

மணி வந்து சேர்ந்ததில் சந்தோசம். நூல் தோலைக் கடித்தால் கழற்றிவிட்டு வேறு நூலில் கட்டுங்கோ. உடைந்த பக்கத்தை வெளியே பார்க்க விடுங்கோ, உள்ளே இருந்தால் குத்தும்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டாம் திகதி, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனேன். மாமாவுக்கும் மாமிக்கும் வேலை. முதல் முறையாகத் தனியே, இரண்டு பஸ், ஒரு ரயில். அம்மாவின் பெயரில் அருச்சனை செய்ய வேண்டும் போலிருந்தது. ஐயர் பெயர் கேட்டார், சொன்னேன். கேட்கவில்லை என்றார், திரும்பச் சொன்னேன். "சத்தமாச் சொல்லும் பிள்ளை, அம்மாளுக்கும் கேக்க வேணுமெல்லே" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, "பாலாம்பிகை! அனுச நட்சத்திரம்!" என்று கத்திவிட்டேன். தூணடியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். லண்டனுக்கு வந்த மூன்று வருடத்தில் நான் அவ்வளவு சத்தமாக ஒன்றுமே சொன்னதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க நினைத்தேன். இப்போது கேட்கவில்லை.

ரூபினி

*

கொக்குவில்
15.11.2006
(என் கையில் கிடைத்தது 19.01.2007)

அன்புத் தங்கைக்கு,

இங்கே சுகம். நீ சுகமாக இரு.

ஒரு விசயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் சாதகத்தைச் சாத்திரியாரிடம் காட்டினேன். உனக்கு அட்டமத்துச் சனியாம். அதனால் டிசம்பர் எட்டாம் திகதி வரை நீ கோயிலுக்குப் போகாதே. ஈலிங் அம்மனுக்கும் போகாதே. வீட்டில் சாமிப்படத்துக்கு விளக்கு வைக்காதே. கழுத்திலுள்ள அச்சரக்கூட்டைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வை. எட்டாம் திகதி தலைக்கு முழுகிவிட்டுப் பிறகு எடுத்துப் போடலாம். மறக்காதே. ஏனென்று கேட்காதே.

அம்மா நித்திரை. அதனால் அவவின் கை இல்லை.

ஆட்டையும் குட்டியையும் றோஸ்மலர் அக்கா தன் வளவில் கட்டியிருக்கிறா. எனக்கு இப்போது நேரமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தனியே இராதே. டெச்செனிடம் போய் இரு.

வான்மதி

*

ஸ்ட்ரெதம்
21.01.2007

என் அக்காவுக்கு,

சுகமா என்று இந்த முறை கேட்கவில்லை. நானும் சுகம் என்று எழுதவில்லை.

உங்கள் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. நின்றபடியே வாசித்தேன். சனி பிடித்தவர்களைக் கோயிலுக்குப் போ, எள்ளெண்ணெய் விளக்கு வை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். போகாதே என்று எந்தச் சாத்திரியாரும் சொல்லமாட்டார். அக்கா, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. எனக்குச் செத்தவீட்டைச் சொல்லவும் உங்களுக்கு மனமில்லை, நான் தெரியாமல் துடக்கோடு கோயிலுக்குப் போய்விடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நின்று எழுதியிருக்கிறீர்கள்.

டிசம்பர் எட்டிலிருந்து முப்பத்தொரு நாளைப் பின்னால் எண்ணினேன். குளிர்ப்பெட்டிக் கதவில் தொங்குகிற கலண்டரில், விரலை வைத்து. நவம்பர் எட்டு, புதன்கிழமை. அன்றைக்கு நான் கடையில் பவளம் கோர்த்தேன். ஒரு மணியும் உடையவில்லை. மத்தியானம் டெச்சென் சொன்ன ஏதோ பகிடிக்குச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

அரை மணி உங்களிடம் வரவில்லை என்று எனக்கு ஒக்டோபரிலேயே தெரியும். பியற்றிஸ் அன்ரி கொழும்போடு திரும்பி, அதை எனக்கே அனுப்பிவிட்டா. அம்மாவின் கழுத்தில் கட்டினேன் என்ற உங்கள் கடிதத்தை நான் வாசித்தபோது அது என் மேசையில் கிடந்தது. கடைசி வரி அம்மாவின் கை இல்லை என்பதும் தெரிந்தது. அந்தப் 'பிள்ளை'யில் துதிக்கை இல்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி எழுதிவிட்டீர்கள். கண்டும் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள் என்ற பயம்தான்.

என் பக்கத்துப் பொய்யையும் எழுதிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் போகவில்லை. 2005 புரட்டாதியோடு விட்டுவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு எல்லாரும். அடுத்த நாள் பஸ்ஸில் பள்ளிக்கூடத்தடியில் இறங்காமல் கடைசித் தரிப்பு வரை போனேன். பிறகு தினமும் அப்படித்தான். அப்படிப் போய்வந்த ஒரு நாளில்தான் மழைக்கு அந்த வாசலில் நின்றேன். மாமாவுக்குத் தெரிந்தபோது, "கொம்மாவுக்கு மட்டும் சொல்லாதை" என்றார். 'நல்லாப் படி' என்று அம்மா எழுதும்போதெல்லாம் ஓம் என்று நினைத்துக்கொள்வேன். டெலிபோனிலும் ஓம் என்றேன். அம்மா அதை நம்பிக்கொண்டு போனாவா, இல்லை, உங்களைப் போலக் கிழமையை எண்ணிப் பார்த்தாவா என்று தெரியவில்லை.

நேற்றுக் கடைக்குப் போய் டெச்செனிடம் சொன்னேன். கடையைப் பாதியிலேயே பூட்டிவிட்டா. எனக்கு அழுகையை விடப் பயம்தான் கூட இருந்தது. அம்மா போய் ஐந்தாம் நாள் நான் கோயிலில் நின்றிருக்கிறேன். துடக்கோடு போனது மட்டுமில்லை, இல்லாதவவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, சுகம் கேட்டு அருச்சனை செய்திருக்கிறேன். அதுவும் கத்தி. அம்மாள் என்ன நினைத்திருப்பா?

டெச்சென் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டா: "அஞ்சாம் நாளோ? பேரைச் சொல்லியோ? சத்தமாவோ?" ஓம் என்றேன். அவர்களில் ஒருவர் செத்தால் நாற்பத்தொன்பது நாள் அந்த ஆள் வழி தெரியாமல் அலைந்துகொண்டிருக்குமாம். வீட்டில் இருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசிப்பார்களாம், அதைக் கேட்டுத்தான் வழியைப் பிடிக்குமாம். "உன்ரை அம்மாவுக்குக் கேட்டிருக்கும், ரூபி. நீ மெல்லமாய்ச் சொல்லியிருந்தால்தான் பிழை" என்றா.

இது எங்கள் முறை இல்லையென்று எனக்குத் தெரியும். எது சரியென்று யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. ஆனால் நான் சத்தமாகச் சொன்ன ஒரே ஒரு தரம் அம்மாவின் பெயரைத்தான் சொன்னேன். அதைப் பிழையென்று நினைக்க எனக்கு ஏலவில்லை.

அச்சரக்கூட்டை நான் கழற்றவில்லை. உங்கள் கடிதம் வந்தபோது நீங்கள் சொன்ன திகதி போய் ஆறு கிழமை. முன்னமே வந்திருந்தாலும் கழற்றியிருக்க மாட்டேன். உள்ளே அம்மாவின் துதிக்கை இருக்கிறது.

அக்கா, கேட்டால் உண்மை சொல்லுவேன், கேளாவிட்டால் சும்மா இருப்பேன் என்று டெச்சென் சொன்னதை முதல் கடிதத்தில் எழுதினேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருடம் அப்படித்தான் இருந்திருக்கிறோம். இப்போது கேட்கிறேன். அம்மாவுக்கு என்ன வருத்தம்? எப்போது உங்களுக்குத் தெரியும்? கடைசியில் நொந்ததா? மணியைக் கேட்டாவா? யார் கொள்ளி வைத்தது? இப்போது வீட்டில் உங்களோடு யார் படுக்கிறார்கள்? நீங்கள் பாலர் பள்ளியால் வரும்போது 'ஊட்டா ஆய்தா' என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அதனால் இங்கேயிருந்து கேட்கிறேன். சாப்பிட்டீர்களா?

இந்த உறைக்குள் அரை மணியை வைத்திருக்கிறேன். இந்த முறை உங்களுக்கு. சிவப்பு நூலை நீங்களேதான் மணிக்கட்டில் கட்டவேண்டி வரும், ஒற்றைக் கையால் கட்ட ஏலாவிட்டால் றோஸ்மலர் அக்காவைக் கேளுங்கோ. கப்பல் எப்போது வருமோ, வழியில் யார் உறையைப் பிரித்துப் பார்ப்பார்களோ தெரியாது.

வந்தால் வந்தது என்று எழுதுங்கோ. வராவிட்டால், வரவில்லை என்று எழுதுங்கோ.

உங்கள்
ரூபினி